வரிசையில் நின்ற கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, வரவேற்பு மேஜைக்கார அம்மா ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாலேயே அவளைக் கூப்பிட்டார்.

"தபாலு, இங்க வா. வந்ததிலேர்ந்து இது மூணாவது ஆளு. நாம அவருக்கு மாத்திரை விக்கிறோமாம்."

"என்ன மாத்திரை?"

"அதை என் வாயால சொல்ல முடியாது. மெயில் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பார்த்தாராம். நம்ம சர்வர் பேருதான் இருக்காம். போலீஸுக்குப் போறேங்கறார்."

அந்த இடத்தில் அவளுக்குப் பெயர் தபால்தான். முப்பத்துநாலு கம்ப்யூட்டர், பிரிண்டர்கள், சர்வர் அறையின் ஏசி வரை எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் மெயில் போகாதபோது மட்டும்தான் மற்றவர்களுக்கு அவள் ஞாபகம் வரும். அதனால் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நடையில் பாதி தூரம் போனதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கால் தானாக வேகம் பிடித்தது.

மெயில் சர்வர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கும். கொண்டுவந்தவன் நம் ஆளா? இல்லையென்றால், கடிதமாவது நம் ஆளுக்கு வந்ததா? இரண்டும் இல்லை என்றால் வாங்காது. யார் யார் நம் ஆள் என்பதை ஒரே ஒரு வரியில் எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, புதிதாகத் திறந்த கிளையில் தாள்களை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் மெஷின் அந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டது. அதன் நெட்வொர்க் முகவரி தினம் ஒன்றாக மாறியது. ஆய்வகத்தை நடத்தும் பெரிய டாக்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னுமா ஆகல? இன்னுமா ஆகல?" என்று கேட்டபடி இருந்தார். அவள் அந்த வரியில் நாலு சைபர் போட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதன் பின்னால் இன்னொரு சைபர் போட்டாள். உலகத்தில் இருக்கிற எல்லோரும் நம் ஆள் என்று அதற்கு அர்த்தம். மெஷின் உடனே அனுப்பியது. "பார்த்தியா, மனசு வெச்சா நடக்குது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சோதனைக்குத்தானே, சாயங்காலம் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் சர்வர் அறையின் ஏசி ஒழுக ஆரம்பித்தது. பக்கெட்டும் துணியுமாக அலைந்ததில் அது மறந்தே போயிற்று.

சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரையைத் திறந்தாள். அனுப்புவதற்காக வரிசையில் நிற்கும் கடிதங்கள் வழக்கமாகப் பத்தோ பதினைந்தோ இருக்கும். அன்றைக்கு ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. திறந்த வாசலைக் கண்டுபிடித்த மோசடிக்காரர்கள் தங்கள் கடிதங்களை எல்லாம் அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கடிதத்தைத் திறந்தாள். "உன்னை எனக்குத் தெரியும். யாரும் இல்லை என்று நினைத்து நீ செய்ததை நான் பார்த்துவிட்டேன். உனக்கு இரண்டு நாள் தருகிறேன்" என்று இருந்தது. லட்சம் பேருக்கு ஒரே அச்சில் போகிற மோசடி மிரட்டல் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

முதலில் வாசலை மூட வேண்டும். சைபர்களை அழித்தாள். கட்டடத்துக்குள் இருக்கும் முகவரிகளை மட்டும் எழுதினாள். அந்த ஸ்கேன் மெஷினுக்குத் தனியாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாள். அன்றைக்கே அப்படிச் செய்திருந்தால் கூடுதலாக இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். பிறகு கைப்பேசியில் வெளி இணைப்பை எடுத்துக்கொண்டு, யாரோ ஒரு அந்நியன் போலத் தன் சர்வரையே கூப்பிட்டு, யாரோ ஒருவருக்குக் கடிதம் கொடுத்துப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. பெயரை மாற்றிக் கேட்டாள். அனுமதி இல்லை. மூன்றாவது முறையும் அதே பதில் வந்தபோதுதான் மூச்சு விட்டாள்.

இனி வரிசை. அதைக் காலி செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். குப்பை இவ்வளவு சேர்ந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எழுத்துகளைத் தட்டிவிட்டு, விரலை எடுத்துப் போய் என்டர் பொத்தான்மேல் வைத்தாள்.

பக்கத்து ஜன்னலில் கடிதங்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் நுழையாத பெயர்களுக்கு நடுவே தெரிந்த ஒரு பெயர் வந்து மேலே போய் மறைந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

அது அவர்களுடைய குழந்தை ரத்தப் பிரிவின் முகவரி.

பட்டியலில் ஆய்வகத்தின் சொந்தக் கடிதங்களை மட்டும் பிரித்தெடுத்தாள். அறுபத்துமூன்று. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே காரணம். உங்கள் சர்வர் கருப்புப் பட்டியலில் இருக்கிறது, இப்போது வாங்க முடியாது, பிறகு வா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அப்படித்தான். ஊர் உலகத்துக் குப்பையை எல்லாம் சுமந்து போன சர்வரை வெளியே யாரும் வாசலில் சேர்க்கவில்லை. 'பிறகு வா' என்றால் இந்த சர்வரும் கோபித்துக்கொள்ளாது. மணிக்கொரு தரம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் வரைக்கும் பொறுமையாக நிற்கும். அதுவரை அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாது.

அறுபத்துமூன்றில் ஒன்றின் தலைப்பு, 'மிக அவசரம், உடனே பார்க்கவும்'. சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பது. அனுப்பியவர் அவளுடைய நாத்தனார்.

வீட்டில் ஒரு நாத்தனார் இருந்தாலே மருமகளுக்கு முதுகு நிமிரும். அவளுக்கு அலுவலகத்திலும் அதே நாத்தனார். கணவனின் அக்கா. அந்தப் பிரிவில் பத்தொன்பது வருஷம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர்த்தி, பல ஊர் கிளினிக்குகளிலிருந்து அனுப்புவார்கள். வெளியில் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோய் ஏதாவது உண்டா என்று இங்கே பார்த்துச் சொல்லவேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் இந்த வேலைக்கு அவளைக் கூட்டிவந்தபோது நாத்தனார் பெரிய டாக்டரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "என் தம்பி பொண்டாட்டி. வேலை சுத்தமா இருக்கும். இல்லைன்னா என்னைக் கேளுங்க."

கடிதத்தைத் திறந்தாள். ஆண் குழந்தை. பாலில் உள்ள சர்க்கரையை உடம்பால் உடைக்க முடியாத நோய் இருப்பதற்கான அறிகுறி மிக அதிகம். தாய்ப்பால் உட்பட எல்லாப் பாலையும் உடனே நிறுத்தவும். பெரிய மருத்துவமனைக்கு இன்றே அனுப்பவும். கிடைத்ததும் பதில் எழுதவும்.

பிறந்த தேதி போட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினாள். அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்பதாவது நாள். மூன்று நாளாக யாரும் எதையும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்போதுதான் திங்கட்கிழமை மத்தியானம் அவள் நினைவுக்கு வந்தது. சாப்பிடுகிற இடத்தில் நாத்தனார் எதிரே வந்து நின்று, "சனிக்கிழமை ஒரு அவசர ரிசல்ட் அனுப்பினேன். பதில் இல்ல. போச்சான்னு பார்த்துச் சொல்றியா?" என்று கேட்டார். அவள் டப்பாவை மூடக்கூட இல்லை. "போகலைன்னா திரும்பி வந்திருக்கும் அண்ணி. வரலைல்ல? அப்ப போயிருக்கும்" என்றாள். ஒரு நிமிஷம் எழுந்துபோய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கட்டளை இன்னும் திரையில் அப்படியே இருந்தது. அதைத் தட்டினால் லட்சத்தோடு இந்த ஒன்றும் போய்விடும். மெயில் போகவில்லை என்பதற்குச் சாட்சியே இருக்காது. வேறு வழியில் கடிதத்தை இப்போது மறுபடி அனுப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்துவிடலாம். அப்படி ஒரு நினைப்பு தன் தலைக்குள் முழுசாக வந்து நின்றதைப் பார்த்தாள். கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்தக் கடிதத்தை அச்செடுத்து மடித்துக்கொண்டு எழுந்தாள்.

நாத்தனார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி."

"கையுறை போடாம உள்ள வராதே."

"அண்ணி, சனிக்கிழமை அனுப்பினது போகல."

நாத்தனார் நிமிர்ந்தார். "எது?"

அவள் தாளை நீட்டினாள். நாத்தனார் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே தலைப்பைப் படித்துவிட்டார்.

"நேத்து நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"போயிருக்கும்னு சொன்னே."

"பார்க்காம சொல்லிட்டேன் அண்ணி. சர்வரைத் திறந்து விட்டதும் நான்தான். மூணு வாரமா திறந்து கிடந்திருக்கு. அதனாலதான் நம்ம மெயிலை யாரும் வாங்கல."

நாத்தனாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கையுறைகளை ஒவ்வொன்றாக உருவித் தொட்டியில் போட்டார்.

"அதெல்லாம் அப்புறம். ஃபோனை எடு."

அட்டையில் இருந்த கிளினிக் எண்ணுக்குப் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார்கள். எங்கேயோ காலி அறையில் அடிக்கிற மாதிரி அது அடித்தது. அட்டையில் அம்மாவின் கைப்பேசி எண் எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. முகவரி மட்டும் பேனாவால் கிறுக்கியிருந்தது: அச்சகத்துக்குப் பின்னால், மூன்றாவது வீடு. ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் ஒரு சிற்றூர்.

"வண்டி எங்க?" என்றார் நாத்தனார்.

போகிற வழியில் அவள் மற்ற அறுபத்திரண்டு கடிதங்களின் பட்டியலை வரவேற்பு அம்மாவிடம் கொடுத்தாள். "ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டு ரிசல்ட்டை வாயால சொல்லுங்க. எழுதிக்கிட்டாங்களான்னு கேளுங்க."

"மாத்திரைக்காரன் திரும்பக் கூப்பிட்டா?"

"மன்னிப்பு கேளுங்க. தப்பு நம்மதுதான்."

ரத்த மாதிரி அட்டைகளை ஊர் ஊராகப் போய் வாங்கிவரும் வேனின் டிரைவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டினால் எஞ்சினுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், நாத்தனார் சொன்ன ஊரைக் கேட்டுவிட்டு, "அவ்வளவு அவசரமா மேடம்?" என்றார்.

"பச்சைக் குழந்தை. நாம சொல்லாததால விஷத்தைக் குடிச்சிட்டிருக்கு."

மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு ஏறினார். வேன் அவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அவள் பின் இருக்கையில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாத்தனார் அந்தக் கிளினிக் எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டபடி இருந்தார். நடுவில் பெரிய மருத்துவமனைக்குப் போட்டு, குழந்தைப் பிரிவில் யாரையோ பிடித்து, நோயின் பெயரைச் சொல்லி, ஒரு கட்டில் வைத்திருக்கச் சொன்னார்.

"குழந்தை இருக்கா இல்லையான்னே தெரியாம கட்டில் கேக்கறேன்" என்றார், யாரிடமும் அல்லாமல்.

இந்த நோய் எத்தனை நாளில் முற்றும் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

ரயில் கேட் மூடியிருந்தது. முன்னால் நாலு லாரி. ரயில் வருகிற சுவடே இல்லை. நாத்தனார் இறங்கிப் போய் கேட் ஆளிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவந்தார். "சரக்கு வண்டியாம். பத்து நிமிஷம்." அந்தப் பத்து நிமிஷத்தில் அவள், குழந்தை மூன்று மணிக்கொரு தரம் குடிக்கும் என்றால் மூன்று நாளில் எத்தனை முறை என்று கணக்குப் போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு போட்டுக்கொண்டே இருந்தது. இருபத்துநாலு என்று வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்க ஆரம்பித்தபோது அவற்றை எண்ணிப் பார்த்து அதை மறக்க முயன்றாள்.

அச்சகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பின்னால் மூன்றாவது வீடு. கதவில் பூட்டு தொங்கியது.

வாசல் கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்து விறைத்திருந்தன. யாரும் எடுத்து மடிக்கவில்லை. நாத்தனார் பூட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், அது பூட்டு என்று நம்பாதவர் போல.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "யாரு வேணும்?"

"இந்த வீட்டுக் குழந்தை..." என்றாள் அவள். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

"அதுக்கு உடம்பு சரியில்ல. நேத்தே ஒரு மாதிரி இருந்துச்சு. குடிச்சதெல்லாம் வாந்தி, எந்நேரமும் தூக்கம். காலையில அவ மட்டும் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு ஓடினா. அவ வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருக்கார்."

"எந்தக் கிளினிக்?"

"பிரசவம் பார்த்த அதேதான். பழைய இடத்துல இல்ல இப்ப. பஸ் நிக்கற இடத்துக்கு எதிர்ல மாடிக்கு மாத்திட்டாங்க. ஃபோன்கூட இன்னும் வரல."

இருவரும் ஓடினார்கள். ஐம்பத்தைந்து வயது நாத்தனார் ஓடி அவள் பார்த்ததே இல்லை. செருப்பு வார் அறுந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மாடியில் புதுப் பெயிண்ட் வாசனை. பிரிக்காத பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. உள் அறையில் ஒரு கட்டிலின் விளிம்பில் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. மஞ்சள் ஏறிய முகம், தொங்கிய கை. பக்கத்தில் நர்ஸ் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிழிந்தெடுத்த தாய்ப்பாலை அந்தப் பெண் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"பாலை நிறுத்துங்க" என்றார் நாத்தனார்.

நர்ஸ் திரும்பினார். "யாரு நீங்க? டாக்டர்தான் விடாம குடுக்கச் சொல்லியிருக்கார். பால் உள்ள போனாத்தான் மஞ்சக்காமாலை குறையும்."

"ரத்தப் பரிசோதனை பண்ற இடத்திலேர்ந்து வர்றோம். இந்தக் குழந்தைக்குப் பால்தான் நோய். அந்த ஸ்பூனைக் கீழ வைம்மா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்பூனைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டு குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. கதவோரம் நின்றிருந்த அவள் ஓடிப்போய், யாரையும் கேட்காமல், தன் துப்பட்டாவின் நுனியால் அதைத் துடைத்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்தது. "எங்களுக்கு மெயில் எதுவும் வரலையே. தினமும் பார்க்கிறோமே."

"வராது சார். எங்க பக்கத்துலேர்ந்து கிளம்பவே இல்ல" என்றாள் அவள்.

அவர் அதற்குமேல் கேட்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் காலில் நரம்பு தேடி குளுகோஸ் ஏற்றினார். இரண்டு முறை தவறி மூன்றாவது முறைதான் ஊசி ஏறியது. குழந்தை அழவில்லை.

ஆமையின் வேனிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். டாக்டர் முன்னால், பின்னால் குழந்தையோடு அந்தப் பெண், பக்கத்தில் நாத்தனார். அவள் எதிரே குந்தி உட்கார்ந்து குளுகோஸ் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் குழந்தையின் நெஞ்சையே பார்த்தாள். ஏறுகிறதா, இறங்குகிறதா. ஒரு தடவை இறங்கியது ஏறுவதற்கு வெகுநேரம் எடுத்ததுபோல் இருந்தது. "அண்ணி" என்றாள். நாத்தனார் தன் இரண்டு விரலை அதன் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு. கையைத் தாழ்த்தாதே" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கையை அவள் தாழ்த்தவில்லை.

கட்டில் தயாராக இருந்தது. அங்கிருந்தவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு டாக்டர் வெளியே வந்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, கிருமியும் ஏறியிருக்கிறது, ஆனால் பால் நின்ற பிறகு ரத்தத்தில் சர்க்கரை நிலைத்திருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைக்கிறோம் என்றார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

குழந்தையின் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் வரலைன்னா என் பிள்ளை போயிருப்பான். நீங்க யாரோ எவரோ. இவ்வளவு தூரம் தேடி வந்தீங்களே அக்கா."

அந்தக் கை சூடாக இருந்தது. அதை உதறிவிட்டு ஓடவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. சும்மா தலையாட்டிவிட்டால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை.

"இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கணும்மா" என்றாள். "எங்க ஆபீஸ்ல சனிக்கிழமை காலையிலயே கண்டுபிடிச்சுட்டாங்க. டாக்டருக்கு மெயிலும் அனுப்பிட்டாங்க. மெயில் மெஷின் என் பொறுப்பு. நான் பண்ணின தப்பால அது போகாம நின்னுடுச்சு. இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்."

பிடித்த கை மெல்லத் தளர்ந்தது.

"எத்தனை நாளு?"

"மூணு."

"சனிக்கிழமை நல்லா இருந்தான்" என்றாள் அந்தப் பெண். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. "கண்ணைத் திறந்து சீலிங் ஃபேனைப் பார்த்துக்கிட்டே கிடந்தான். ஞாயித்துக்கிழமைதான் வாந்தி எடுத்தான். எனக்குப் பால் பத்தலையோ என்னவோன்னு நினைச்சு, எழுப்பி எழுப்பிக் குடுத்தேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"நீங்க போங்க" என்றாள் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நாத்தனார் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அறுந்த செருப்போடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"சொல்லுன்னு உன்கிட்ட யாரும் சொல்லலையே."

"சொல்லலைன்னா தன் பாலாலதான் இப்படி ஆச்சு, தான்தான் கெடுத்துட்டோம்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கிட்டே இருக்கும் அண்ணி."

நாத்தனார் கொஞ்ச நேரம் செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை நான் ரெண்டு தடவை ஃபோன் போட்டேன். எடுக்கல. மெயில்தான் போட்டாச்சேன்னு விட்டுட்டேன். அரை நாள் லீவு. வீட்டுக்குப் போகற அவசரம். பத்தொம்பது வருஷமா மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கறவ நான்." பிறகு இருவரும் படி இறங்கினார்கள்.

மறுநாள் பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டு இருவரையும் உட்கார வைத்தார். அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது. "வெளியிலேர்ந்து எவனோ சர்வரை உடைச்சுட்டான்னு அறிக்கை எழுதிடலாம். பாதி உண்மைதானே?"

"யாரும் எதையும் உடைக்கல சார். நான்தான் திறந்து வெச்சேன்."

"நான் அவசரப்படுத்தினதையும் எழுதுவியா?"

அவள் யோசித்தாள். "எழுதுவேன் சார். நடந்தது எல்லாத்தையும் எழுதணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப எழுது" என்றார்.

வேலை போகவில்லை. அவளுக்கும் நாத்தனாருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. "ஒரே வீட்டுக்கு ஒரே நாள்ல ரெண்டு மெமோ. பாக்கி நான்தான்" என்று அவள் கணவன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அக்காவும் மனைவியும் ஒரே மாதிரி முறைத்ததில் வாயை மூடிக்கொண்டான். கருப்புப் பட்டியல்களிலிருந்து சர்வரின் பெயரை எடுக்கப் பதினொரு நாள் ஆனது. அதுவரை ஒவ்வொரு ரிசல்ட்டும் ஃபோனில்தான் போயிற்று. அதற்குப் பிறகும் நாத்தனார் ஒரு விதி வைத்தார். அவசர ரிசல்ட் என்றால், எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் அதைத் திருப்பிச் சொல்லும் வரை அது அனுப்பப்படாததுதான். தினமும் காலையில் முதல் வேலையாக வெளியிலிருந்து தன் சர்வரைத் தானே தட்டிப் பார்ப்பதை அவளும் வழக்கமாக்கிக்கொண்டாள்.

மருத்துவமனையில் சேர்ந்த பதினாறாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனான். பால் கலக்காத தனி மாவுதான் இனி அவனுக்கு. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்காக அவனுடைய ரத்த அட்டை வந்தது. ரிசல்ட் நன்றாக இருந்தது. நாத்தனாரே அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டார். அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, நாத்தனாரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஃபோனை வைத்ததும் உள்ளே போனாள். இந்த முறை கையுறை போட்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"எடை ஏறியிருக்காம். சிரிக்கிறானாம்." நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது கண்ணுல மட்டும் மெல்லிசா ஒரு படலம் இருக்காம். தானாப் போனாலும் போகலாம், போகாம நின்னாலும் நிக்கலாம்னு கண் டாக்டர் சொல்லியிருக்கார். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்பாங்களாம்."

"அந்த மூணு நாளாலயா?"

"இருக்கலாம். அதுக்கு முன்னாடியே வந்ததாவும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல."

நாத்தனார் அடுத்த அட்டையை எடுத்தார். அவள் தன் அறைக்குத் திரும்பி, சுவர்க் காலண்டரில் மூன்று தாளைப் புரட்டி, அந்தத் தேதியைப் பென்சிலால் சின்னதாக வட்டமிட்டாள். பிறகு தாள்களைத் திரும்ப இறக்கிவிட்டாள். வெளியே வரவேற்பு அம்மா யாரிடமோ, "இருங்க, எங்க தபாலைக் கூப்பிடறேன்" என்று சொல்வது கேட்டது.